அறுந்த நுனி சொல்வது

குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிறது. ஆறு பெருகும்போதெல்லாம் மூழ்கி எழும் கோயில் அது. 2023 டிசம்பர் வெள்ளத்திலும் மூழ்கியது. வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்த நாட்களில், கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கரையோரப் பாறைகளில் தூண்டிலோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். திருநெல்வேலி டவுணிலிருந்து நடந்தே வந்துவிடலாம். மூங்கில் கம்பு வைத்திருக்கும் பெரியவருக்குப் பக்கத்திலேயே ரீல் பூட்டிய ராடோடு கல்லூரிப் பையன் இருப்பான். ஒருவர் டப்பாவில் மண்புழு, இன்னொருவர் கையில் பிசைந்த மாவு. கெண்டையோ கெளுத்தியோ விராலோ கடித்து, இழுத்து, சட்டென்று தூண்டில் நரம்பு லேசாகிவிட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பெரிய மீனு அண்ணாச்சி, அறுத்துட்டுப் போயிட்டு."

மீன் பெரியதாக இருந்திருக்கலாம். ஆனால் அறுத்தது மீன்தானா என்பதைக் கையில் மிஞ்சிய நுனியிடம் கேட்க வேண்டும்.

நுனி பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் நரம்பு அறுந்திருக்கவில்லை, முடிச்சு உருவிக்கொண்டது. சுற்றிச் சுற்றிக் கட்டிய தடம்தான் அந்தச் சுருள். சுருள் இல்லாமல் நறுக்கென்று வெட்டியது போல இருந்தால், முடிச்சுக்குள் நுழையும் வாசலிலேயே முறிந்திருக்கிறது. நுனிக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்கு வெள்ளை பூத்து, விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தால் அது பாறையிலோ மீனின் பல்லிலோ உரசிய காயம். இந்த மூன்றில் கடைசி ஒன்றுக்குத்தான் ஆற்றையும் மீனையும் குறை சொல்லலாம். முதல் இரண்டும் கட்டிய கையின் கணக்கில் வருபவை.

அதற்காக அந்தக் கைக்குக் கட்டத் தெரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் அது அப்பாவிடமோ தாத்தாவிடமோ கற்ற முடிச்சாகவே இருக்கும். அவர்கள் அதைப் பருத்தி நூலில் கட்டினார்கள். பேரன் நைலானில் கட்டுகிறான், அல்லது நைலானைவிட வழுக்கும் பிரெய்டு என்ற பின்னல் நூலில் கட்டுகிறான். எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்குள் தூண்டில் நூல் அடியோடு மாறிவிட்டது; அதுவும் ஒரு தடவை அல்ல. கை மட்டும் பழைய முடிச்சையே போட்டுக்கொண்டிருக்கிறது.

கயிறு அறுவதை இந்த ஊர் கூட்டமாக நின்று பார்த்திருக்கிறது. 2024 ஜூன் 21 அன்று நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தன. திருச்செந்தூர் கோயிலிலிருந்து வடம் கொண்டுவரப்பட்டது. தேர் வடம் என்பது எண்ணிலடங்காத நார்களை முறுக்கிச் செய்தது. ஒரு நார் போனால் அதன் பாரத்தைப் பக்கத்து நார்கள் பங்கு போட்டுக்கொள்ளும். அறுவதற்கு முன்னால் பிரி பிரியாக விட்டுக்கொடுத்து எச்சரிக்கை செய்யும். ஊருக்குள் நரம்பு என்றும் கடற்கரையில் தங்கூசி என்றும் சொல்லப்படும் ஒற்றை இழை நைலானுக்கு அந்த வசதி கிடையாது. இருப்பது ஒரே இழை. அதில் ஒரு புள்ளி தளர்ந்தால் கதை முடிந்தது.

அந்தப் புள்ளி பெரும்பாலும் முடிச்சின் பக்கத்திலேயே இருப்பது ஏன்?

நேராக இருக்கும் நரம்பை இழுத்தால் அதன் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே சீராகப் பாரம் ஏறும். அதையே வளைத்து இழுத்தால் வளைவின் வெளிப்பக்கம் அதிகமாக நீளும், உட்பக்கம் நசுங்கும். வெளிப்பக்கம் தன் எல்லையை முதலில் தொட்டுவிடுகிறது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் மீதியும் கிழிந்துவிடும். வளைவு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும். 2001-ல் பியோட்டர் பியெரான்ஸ்கி என்ற போலந்து இயற்பியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட்டு இழுத்தார்கள். வேகவைத்த ஸ்பாகெட்டியிலும் முடிச்சுப் போட்டு இழுத்தார்கள். நேர்நூல் முடிச்சுக்குள் நுழையும் இடத்தில்தான் வளைவு மிகக் கூர்மையாக இருக்கிறது, அறுவதும் அங்கேதான் என்று கணக்காலும் காட்டினார்கள். வீட்டில் நூடுல்ஸ் வேகும் நாளில் யாரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

நரம்பில் தானாக விழும் சாதாரண ஒற்றை முடிச்சு அதன் வலுவில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். வீசும்போது காற்றில் விழும் சின்னச் சிக்கலைப் பார்த்தும் பார்க்காமலும் விட்டுவிடுகிறவர்கள் பத்துக் கிலோ நரம்பை ஐந்து கிலோ நரம்பாக்கிக்கொண்டு தண்ணீரில் போடுகிறார்கள். நன்றாகக் கட்டிய நல்ல முடிச்சு, அந்த வளைவு கூர்மையாகாமல் பார்த்துக்கொள்கிறது. பாரத்தை ஒரே இடத்தில் இறக்காமல் சுற்றுச் சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறது.

சுற்றுக்கு என்ன வலு என்பது மாடு கட்டியவர்களுக்குத் தெரியும். திமிறும் காளையின் கயிற்றைக் கல்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், மறுமுனையைச் சின்னப் பையன்கூடப் பிடித்துக்கொள்ளலாம். 18-ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் இதற்குக் கணக்கு எழுதினார். பிடிமானம் சுற்றுக்குச் சுற்றுக் கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறுகிறது என்பதே அதன் சாரம். உராய்வு எண் 0.2 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றில் மூன்றரை மடங்கு, இரண்டு சுற்றில் 12 மடங்கு, ஐந்து சுற்றில் 530 மடங்குக்கு மேல். உராய்வு எண்ணை 0.07 ஆகக் குறைத்துப் பாருங்கள். ஒரு சுற்றில் ஒன்றரை மடங்குதான் கிடைக்கும். ஐந்து சுற்றுப் போட்டாலும் ஒன்பது மடங்கு அளவுதான். முன்னதன் ஐந்து சுற்றுக்கு ஈடு கட்ட 14 சுற்றுக்கு மேல் வேண்டும். தூண் வேறு, நூல் தன்னையே சுற்றிக்கொள்ளும் முடிச்சு வேறுதான். ஆனாலும் வழுக்கும் நூலுக்குச் சுற்று ஏன் கூட வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பருத்திக் காலத்தில் இந்தக் கவலை இல்லை. பருத்தி நூல் சொரசொரப்பானது, ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும். நனைந்தால் உப்பி முடிச்சை இன்னும் இறுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பருத்தி நனைந்தால் வலு கூடுகிறது. ஆற்றில் போடும் நூலுக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்? ஒரே குறை, அழுகும். அதற்காகத்தான் வலையையும் நூலையும் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துத் துவர் ஏற்றினார்கள். பிடித்து முடித்ததும் உலர்த்துவது வேலையில் பாதி.

அந்தக் காலத்து முடிச்சுகளில் ஒன்றைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு முழுவதும் பார்க்கலாம். தறியில் இழை அறுந்தால் வீரவநல்லூர் நெசவாளி இரண்டு விரலுக்கு நடுவில் நூலை மடக்கி, அடுத்த நூலை அதற்குள் நுழைத்துச் சுற்றி, கண்மூடித் திறப்பதற்குள் இணைத்துவிடுவார். ஆறு கடலோடு சேரும் புன்னைக்காயலில் வலை பொத்துகிறவர் வலை ஊசியால் ஒவ்வொரு கண்ணுக்கும் போடுவதும் இதே வடிவம்தான். தொழில் வேறு, கருவி வேறு. நூல் போகும் பாதை ஒன்று. ஒரு நூலின் மடிப்புக்குள் இன்னொரு நூல் நுழைந்து, மடிப்பின் பின்னால் சுற்றி, தன் அடியிலேயே மாட்டிக்கொள்ளும். வலை முடிவது மிகப் பழைய வேலை. 1913-ல் ஃபின்லாந்தின் அன்ட்ரேயா என்ற ஊரில், இன்று ரஷ்யாவுக்குள் இருக்கும் இடம், சதுப்பு நிலத்திலிருந்து ஒரு மீன்வலை கிடைத்தது. வில்லோ மரப்பட்டை நாரில் முடைந்தது, வயது ஏறத்தாழ 10,000 ஆண்டு. மனிதர் பானை வனையத் தொடங்காத பல இடங்களில்கூட வலை முடிந்திருக்கிறார்கள்.

பிறகு நைலான் வந்தது. 1935-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய செயற்கை இழை அது. இந்தியக் கடற்கரைக்கு 1950-களில் வந்து சேர்ந்தது. 1957-ல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எந்த இழை எந்த வலைக்கு ஏற்றது என்று இழுத்தும் நனைத்தும் வெயிலில் போட்டும் சோதித்தது. நைலான் அழுகாது, துவர் ஏற்ற வேண்டாம், உலர்த்த வேண்டாம். பருத்தி வலை போன இடம் தெரியாமல் போயிற்று. ஆனால் பருத்தியில் தாங்கிய முடிச்சு இந்த இழையில் நகர்ந்தது. வழவழப்பான தங்கூசியில் ஒற்றைச் சுற்றுப் பிடிக்கவில்லை. கண் ஒன்று பெரிதாக, பக்கத்துக் கண் சிறியதானது. அதனால் இன்னொரு சுற்றுக் கூட்டி இரட்டை முடிச்சாக்கினார்கள். ஆலையில் முடிந்த வலையை இழுத்துப் பிடித்துச் சூடு காட்டி முடிச்சை அப்படியே உறையச் செய்தார்கள். நூல் மாறினால் முடிச்சும் மாற வேண்டும் என்பதை வலைத்தொழில் ஒரே தலைமுறையில் புரிந்துகொண்டது. தூண்டில் போடுகிறவர்களிடம் இந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

நைலான் நரம்பில் முள் கட்டும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். நரம்பின் நுனி முள்ளின் காதுக்குள் நுழைகிறது. நுனியும் நேர்நரம்பும் ஒன்றோடொன்று ஐந்தாறு தடவை முறுக்கப்படுகின்றன. நுனி திரும்பிவந்து, காதை ஒட்டி இருக்கும் சின்ன வளையத்துக்குள் போகிறது; அப்போது பிறக்கும் பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை போகிறது. இதுதான் உலகம் முழுக்க கிளிஞ்ச் எனப்படும் முடிச்சின் திருத்திய வடிவம். கடைசி நுழைவை விட்டுவிட்டால் அது திருத்தாத வடிவம், உருவிக்கொள்ளும். இனி இழுத்து இறுக்க வேண்டியதுதான் பாக்கி. முக்கால்வாசி முடிச்சுகள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான்.

காய்ந்த நைலானைக் காய்ந்த நைலான்மேல் வேகமாக இழுத்தால் உராய்வில் சூடு பிறக்கும். நைலான் உருகுவதற்கு 200 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் மேற்பரப்பு இளகிக் காயப்பட அவ்வளவு தேவையில்லை. இறுக்கிய பிறகு உருப்பெருக்கியில் பார்த்தால் சுற்றுக்குப் பக்கத்தில் நரம்பு நெளிந்து சுருங்கியிருக்கும். அந்தக் காயத்தோடுதான் அது ஆற்றுக்குள் போகிறது. முடிச்சை எச்சில் தொட்டு, ஒரே சீராக மெதுவாக இழுத்தால் இந்தச் சேதம் இல்லை. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், பம்பரத்தில் சாட்டை சுற்றியது போல வரிசையாக உட்கார வேண்டும். ஏறிவிட்டால் தயங்காமல் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுவதே நல்லது. ஒரு சாண் நரம்பு போனால் போகட்டும்.

நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு. பருத்திக்கு நேர்மாறாக, அது தண்ணீர் குடித்தால் வலு குறையும். பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையலாம். கடையில் அட்டையில் போட்டிருக்கும் கிலோ எண்ணை வைத்துக்கொண்டு மீனைக் கரைக்குத் தூக்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மறுபக்கம், நைலான் அறும்வரை தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் நீளும். மீன் தலையை உதறும்போது வரும் வெடுக்கென்ற இழுப்பை இந்த நீட்சி வாங்கிக்கொள்கிறது. பழகும் கைக்குத் தங்கூசியே நல்ல ஆசான். கொஞ்சம் பிசகிய முடிச்சையும் அது மன்னிக்கும்.

பிரெய்டு மன்னிக்காது. பாலிஎத்திலீனின் நீண்ட மூலக்கூறுகளைக் கூழாக்கி இழுத்து நேராக்கினால் அசாத்திய வலுவுள்ள இழை கிடைக்கும் என்று நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் 1970-களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். அந்த மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்ததே இன்றைய பிரெய்டு. அதே வலுவுள்ள நைலானைவிட மிக மெல்லியது, தண்ணீரில் மிதக்கும், தண்ணீர் குடிக்காது, நீட்சி நூற்றுக்கு நாலு அளவுதான். தூரத்தில் ஒரு விரால் இரையை முகர்ந்தாலும் விரலுக்குத் தெரியும். விலை கொடுத்து வாங்கியவர்கள் சந்தோஷமாக அதில் பழைய கிளிஞ்ச் முடிச்சைப் போட்டு, முதல் நல்ல மீனையே பன்றிவால் சுருளுக்குப் பறிகொடுக்கிறார்கள்.

மேலே போட்ட கணக்குதான் காரணம். இந்தப் பிளாஸ்டிக் மிகவும் வழுக்கும், சுற்றுக்குச் சுற்றுப் பிடிமானம் மெதுவாகத்தான் ஏறும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நூலை இரட்டையாக்கிக் கட்டுவது. பாலோமர் முடிச்சு அப்படிப்பட்டது. நூலை மடித்து மடிப்பைக் காதுக்குள் நுழைத்து, சாதாரண ஒற்றை முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அந்த மடிப்பின் வழியாக முள்ளையே நுழைத்து எடுத்து, நனைத்து இறுக்க வேண்டும். காதின் கம்பிமேல் இரண்டு நூல் உட்காருவதால் அழுத்தம் பாதியாகப் பிரிகிறது. மூன்றே அசைவு, இருட்டிலும் கட்டலாம். பிரெய்டுக்கு ஒரே ஒரு முடிச்சுத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்வது போதும். இரண்டாவது வழி, சுற்றைக் கூட்டுவது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தூண்டில் பற்றி எழுதிவந்த விக் டனவே பரப்பிய யூனி முடிச்சு அதற்கு இடம் கொடுக்கும். நைலானில் ஐந்து சுற்று என்றால் பிரெய்டில் ஏழு, எட்டு.

மூன்றாவது நூல் ஃபுளோரோகார்பன். பாலிவினைலிடீன் ஃபுளோரைடு என்ற பொருளிலிருந்து ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-ல் தூண்டில் நரம்பு செய்தது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல். தண்ணீருக்கு அருகில் இருப்பதால் தண்ணீருக்குள் நைலானைவிட மங்கலாகத் தெரியும். எடை கூடியது, மூழ்கும். பாறை உரசலைத் தாங்கும். தெளிந்த தாமிரபரணியில் முள்ளுக்கு மேல் இரண்டு மூன்று அடிக்கு இதைப் போடுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் விறைப்பானது. தடித்த ஃபுளோரோகார்பனில் ஏழு சுற்றுப் போட்டால் அவை படியவே படியாது. நாலு சுற்றுப் போதும். நைலானைவிடவும் அதிகமாக நனைத்து, நைலானைவிடவும் மெதுவாக இறுக்க வேண்டும்.

பிரெய்டோடு ஃபுளோரோகார்பனை இணைப்பது எல்லாவற்றிலும் கடினமான வேலை. ஒன்று மெல்லியது, வழுக்குவது. இன்னொன்று தடித்தது, வளையாதது. இரண்டு யூனிகளை எதிரெதிராகப் போட்டு இழுப்பது எளிய வழி, பெரும்பாலான ஆற்று மீனுக்குப் போதும். தூத்துக்குடிக் கடலில் பாரை மீனுக்கும் நெய்மீனுக்கும் ராடு போடுகிறவர்கள் எஃப்ஜி என்ற இணைப்பைக் கட்டுகிறார்கள். அதில் தடித்த நரம்பு வளையவே வளையாது, நேராகக் கிடக்கும். பிரெய்டு அதன்மேல் மாறி மாறி இருபது தடவை அளவில் பின்னிக்கொண்டு போகும். இழுக்க இழுக்கப் பின்னல் நரம்பைக் கவ்வும். பாரம் நீளமாகப் பரவுகிறது, கூர்மையான வளைவு எங்கும் இல்லை. முடிச்சுகள் எல்லாவற்றையும் விட இதுவே அறிவியலுக்கு நெருக்கமானது. கைக்குப் பழக ஒரு வாரம் பிடிக்கும்.

முடிச்சின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவும் வழி பிறந்துவிட்டது. இழுத்தால் நிறம் மாறும் இழையை அமெரிக்காவின் எம்ஐடியில் மத்தியாஸ் கோலே குழு உருவாக்கியது. அதில் முடிச்சுப் போட்டு, எங்கே பாரம் ஏறுகிறது என்று நிறத்தை வைத்துப் படித்து, விஷால் பாட்டீலும் யோர்ன் டன்கலும் சேர்ந்து 2020 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். நூல்கள் எத்தனை இடத்தில் குறுக்கிடுகின்றன என்பது மட்டும் போதாது, அடுத்தடுத்த குறுக்கீடுகளில் நூல் எதிரெதிர்த் திசையில் முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று கண்டார்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் நூல் உருண்டு நழுவும். எதிர்ப்பக்கம் முறுக்கினால் ஒன்றை ஒன்று பூட்டும். இரண்டு தடவையும் ஒரே கையை மேலே போட்டுக் கட்டிய முடிச்சு அவிழ்வதும், கையை மாற்றிப் போட்டது நிற்பதும் இதனால்தான்.

எந்தப் புத்தகத்தையும் நம்பாமல் வீட்டிலேயே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. ஒரு மீட்டர் நூலின் இரு முனையிலும் இரண்டு இரும்பு வளையங்களைக் கட்ட வேண்டும். ஒரு முனையில் ஒரு முடிச்சு, மறுமுனையில் இன்னொன்று. கண்ணாடி அணிந்துகொண்டு, ஒரு வளையத்தை ஜன்னல் கம்பியில் மாட்டி மறு வளையத்தை மெதுவாக இழுத்தால், இரண்டில் மெலிந்தது முதலில் விட்டுக்கொடுக்கும். முள்ளை வைத்து இதைச் செய்யக் கூடாது, தெறிக்கும். ஒரு தடவை செய்தால் தற்செயல். பத்துத் தடவை செய்து எண்ணி எழுதினால் அது சோதனை. அந்த நூலில் அந்தக் கைக்கு எது வலுவோ அதுதான் அவருடைய முடிச்சு.

கடைசியாக, வெட்டி எறியும் துண்டுகளைப் பற்றி. பருத்தி நுனி ஆற்றில் விழுந்தால் அழுகிவிடும். நைலானும் பிரெய்டும் அழுகாது. டவுண் நயினார்குளத்துக்கு நீர்க்காகமும் கொக்கும் வருகின்றன. காலில் தங்கூசி சுற்றிய பறவைக்கு அதை அவிழ்த்துக்கொள்ளத் தெரியாது. அது நடக்க நடக்க, மேலே சொன்ன அதே உராய்வுக் கணக்கில் முடிச்சு இறுகிக்கொண்டே போகும். தூண்டிலோடு கரைக்குப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு சின்ன டப்பா வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டையும் அதில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.